பிறரைப் பிழைசெய்வித்தல்

ஒருவன் தன் கையாற் பிழையொன்றும் செய்யாது, மற்றொருவனைப் பிழைசெய்யுமாறு தூண்டி, அப்பிழை நிகழ்ந்தபின் 'யான் சட்டத்தின்வழி நின்றேன். வழுவினான் அவனே' என்று கூறுவானாயின், அவ்வினையின் பயன் யாரைச் சாரும்? இது நூல்வல்லார் பொழுதுபோக்கிற்கு எழுப்பும் வினாவன்று. இதற்கு விடையறியாமையாற் குருதி சிந்திய இடங்கள் பல.

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டார்க்கு இவ்வினா எளிதிற் புலனாகும். சோழர் கல்வெட்டுக்களையுடைய பூமீசுவரர் திருக்கோயில் விளங்கும் அக்கடற்கரையூரிலே, அளத்தொழிலாளர் உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு, விளைந்த உப்பை வாரி வரப்பின்மேற் குவிக்கின்றனர். இன்று அக்குவியலைக் கண்டு அஞ்சுவார் எவருமிலர். ஆங்கிலேயர் ஆட்சியிலோ, கதிரவன் தானே விளைத்துவைத்த உப்பைக் கழியோரத்தினின்று ஒருபிடி அள்ளுதலும் குற்றமாயிருந்தது. அதனைக் காத்தற்கு உப்பிலாகாக் காவலர் நின்றனர். 1947-இலேயே உப்புவரி ஒழிந்தது. அதற்கு முன், 1930-இல், இக்கிழக்குக் கடற்கரையின் தென்பாலுள்ள வேதாரணியத்திலே, காவலர் காணவேண்டும் என்றே அவ்வொருபிடி உப்பு அள்ளப்பட்டது.

இனி, கடல்கடந்த ஒரு நாட்டைக் காண்க. அமெரிக்க ஐக்கிய நாடுகளுட் பலவற்றில், துப்பாக்கியை மறையாது பிறர் காண ஏந்திச்செல்லுதல் சட்டத்திற்கு முரணன்று. அவ்வுரிமையுடையாருட் பெரும்பாலோர் வேட்டைக்கோ தற்காப்பிற்கோ அதனை வைத்திருப்போர். அவரைப்பற்றி ஈண்டுப் பேச்சில்லை. ஆயின் ஒரு சிலர் உளர். அவர் நெடுந்துப்பாக்கியைத் தோளில் மாட்டி, நிழற்படக் கருவியொன்றையும் உடன்கொண்டு, கடைவீதியிலும் காவல்நிலையத்தின் வாயிலிலும் உலாவுவர். அஞ்சிய அயலார் காவலரை அழைப்பர். காவலர் வந்து 'நீ யார்? இஃது எதற்கு?' என வினவியவுடன், 'எச்சட்டத்தின்படி என்னைத் தடுக்கின்றாய்?' என்று எதிர்வினவி, அவர் குரல் உயருந்தோறும் தாம் உள்ளே மகிழ்வர். காவலர் வரம்பு கடந்து கைவைத்தாராயின் அவர்க்கு அதுவே வெற்றி. படம் ஊரெங்கும் பரவும், வழக்கும் தொடுக்கப்படும்.

ஒன்று சட்டத்தை மீறிய செயல். மற்றொன்று மீறாத செயல். இருவரும் காவலர் காண வேண்டியே கையிற் பொருளேந்தினர். சட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வார், உப்பெடுத்தவன் குற்றவாளி, துப்பாக்கி ஏந்தியவன் குற்றமிலி என முடிப்பர். சைவர் அவ்வாறு முடித்தல் இயலாது. என்னை? வினை மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படும் என்பது நம் நூற்றுணிபாதலின். கை வாளாவிருப்பினும் மனம் வினைசெய்யும். பதஞ்சலியாரும் தம் யோகசூத்திரத்திற் கொடுமையைத் தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூவகையாக்கி, அம்மூன்றும் துன்பமும் அறியாமையுமாகிய பயனைத் தரும் என்றார். ஈண்டு ஆராயப்படுவது நடுநின்ற செய்வித்தல் என்பதாம்.

அற்றேல், காவலனது சினம் அவனதேயன்றோ, தூண்டினவன் அதனை எங்ஙனம் படைத்தான் எனின், படைத்திலன், வெளிப்படுத்தினான். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்திற் கடல், நீர், உப்பு என்னும் மூன்றனையும் உவமையாக எடுத்து, உப்பு நீரைப் பற்றுவதன்றி அதற்கு இடமாகிய கடலைப் பற்றாதவாறுபோல, அஞ்ஞானம் உயிரைப் பற்றுவதன்றி இறைவனைப் பற்றாது என விளக்கினார். அளத்து நீரை நோக்குவார்க்கு இவ்வுவமையின் மற்றொரு பக்கமும் தோன்றும். நீரில் உப்புக் கண்ணுக்குப் புலனாகாது கரைந்துகிடக்கும். பாத்திகட்டி, நீரை நிறுத்தி, வெயில் காயும்வரை காத்திருப்பவனுக்கே அது கட்டியாய்த் திரளும். அங்ஙனமே சினமும் அச்சமும் எவ்வுயிரிடத்தும் கரைந்துகிடக்கின்றன. அவற்றைத் திரட்டுதற்கென்றே பாத்தி கட்டுவோன், 'உப்பு நீரில் இருந்தது, யான் என் செய்தேன்' எனல் பொருந்துமோ? விளைச்சலில் அவனுக்கும் பங்குண்டு. இதனாற் காவலனது பங்கு குறைந்துவிடாது என்பதும் உடன் கொள்ளத்தக்கது. ஒருவன் தூண்டினான் என்பதுபற்றி அடித்தவன் தூயனாகான். வினை பகிரப்படும் பொருளன்று, அவரவர்க்கு முழுதும் உரியது.

காவலனுடைய கோல் யாருடையது என்பதும் எண்ணற்பாலது. அருணந்திசிவாசாரியர், தீமைசெய்தாரை அரசன் ஒறுத்துத் திருத்துதலும் இறைவன் அருள்வழிப்பட்டதே என்றார். தீயோனைத் திருத்தும்வழி அருளாய் நிற்கும் அத்தண்டத்தைத் தீமைசெய்யாதான் ஒருவன்மீது தவறாக வீழச்செய்து, அத்தவற்றைக் காட்சிப்பொருளாக்குதல், அருட்கருவியைப் பழியின் கருவியாக்குதலேயன்றோ?

இவ்விடத்துப் பெரியபுராணத்துள் ஏனாதிநாத நாயனார் வரலாற்றைக் காட்டிலும் தெளிந்த சான்று கிடைப்பதரிது. எயினனூரில் வாட்படை பயிற்றிப் பெருவருவாய் பெற்றவர் அவர். அத்தொழிலே உடைய அதிசூரன் அழுக்காறுற்றுப் படையொடு வந்து பொருது தோற்றான். பின்னர், 'படை வேண்டா. நாம் இருவேமும் தனித்துப் பொருவேம்' எனச் சொல்லியனுப்பி, முன்னொருகாலும் திருநீறு அணியாதவன் அன்று நெற்றிநிறைய அணிந்து, அதனைக் கேடகத்தால் மறைத்துவந்தான். நாயனார் வெட்ட நெருங்கிய நொடியிற் கேடகத்தை விலக்கினான். நீற்றைக் கண்டார் நாயனார். இனிக் கொல்லேன் எனத் துணிந்தார். இதுகாறும் கூறியது யாவரும் அறிந்தது. பலர் விரைந்து கடந்துபோவது இதன்பின் உள்ள சிறுபகுதியை. வாளையும் கேடகத்தையும் எறிந்துவிட எண்ணிய நாயனார், படையில்லாதானைக் கொன்றான் என்னும் பழி எதிரியைச் சாருமே என நினைந்து, அவற்றைக் கைவிடாது, பொருவார்போல நின்றார். தம்மைக் கொல்லவந்த வஞ்சகனுக்கும் ஒரு பழி கூடுதலாக வந்துவிடலாகாது என்பது அவர் கவலை!

அவர் கையிலும் படை இருந்தது, பிறர் காணவே இருந்தது. எதிரியின் பிழையைக் குறைத்தற்கு ஒருவர் ஏந்தினார். எதிரியின் பிழையைப் பெருக்குதற்கு மற்றையோர் ஏந்துகின்றனர். செயல் ஒன்றாயினும் நெறி வடக்குந் தெற்குமாம்.

எறிபத்த நாயனாரை எடுத்துக்காட்டி, 'அவர் மழுவேந்தி ஊரறிய உலாவினாரல்லரோ' என வினவுவாரும் உளராகலாம். உலாவினார், அடியார்க்கு இடர்வரின் காத்தற்பொருட்டு. கருவூரிற் சிவகாமியாண்டாரது பூக்கூடையைச் சிதைத்த பட்டத்து யானையையும், அதனைச் சார்ந்த ஐவரையும் வீழ்த்தினார் என்பது மெய்யே. ஆனால் புகழ்ச்சோழர் வந்து, 'இப்பிழைக்கு இத்தண்டம் போதாது, என்னையும் கொல்க' எனத் தம் வாளை நீட்டியபோது நிகழ்ந்தது யாது? அரசனை வழுவச்செய்து வெல்லல் அவர் நோக்கமாயின் நகைத்திருப்பார். அவரோ, இத்தகைய அன்பர்க்குத் துன்பம் விளைத்தேனே என வருந்தி, அவ்வாளைத் தம் கழுத்திலேயே பூட்டினார். படைதாங்கியவனும் தண்டம் தாங்கியவனும் ஒருவர் பழியை ஒருவர் தம்மேல் ஏற்க முந்திய களம் அது. அமெரிக்கத் தெருவில் நிகழ்வது இதன் தலைகீழ்.

இனி உப்பிற்கு வருவோம். உப்பெடுத்தாரும் காவலரைத் தூண்டினாரல்லரோ என்னும் தடை எளியதன்று. இதனைப் பலர் தொடாதே விடுவர். 1930 மே 21-இல் கூர்ச்சரத்துத் தராசனா உப்பளத்தை நோக்கி அணியணியாகச் சென்றாரைக் காவலர் தடிகொண்டு மண்டையிற் புடைத்தனர். அடிவிழும் என்பது செல்வார்க்குத் தெரியும். உலகம் அதனைக் காணும் என்பதும் தெரியும். அவ்வடியை அடித்தவன் ஈட்டிய தீவினையிற் சென்றார்க்குப் பங்கில்லையென ஒரே சொல்லால் தள்ளிவிடல் அரிது. ஆயினும் வேறுபாடு உண்டு. காந்தியடிகள் 1930 மார்ச்சு 2-இலேயே அரசப்பிரதிநிதிக்குக் கடிதம் எழுதித் தாம் செய்யப்போவதை அறிவித்துவிட்டார். இராசகோபாலாச்சாரியார் ஏப்பிரல் 13-இல் திருச்சிராப்பள்ளியினின்று தொண்டரொடு புறப்பட்டு, ஏப்பிரல் 30-இல் வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறைபுக்கார். அவர்க்கு உற்றதுணையாயிருந்த வேதரத்தினம் பிள்ளையும் சிறைசென்றார். அவர் கையிலிருந்த பொருள் எவரையும் அச்சுறுத்துவதன்று. விளைவை ஏற்பதும் தம் உடம்பே.

எல்லாவற்றினும் மேலான உரைகல் ஒன்று உண்டு. காவலன் பொறுத்துக்கொண்டானாயின் தூண்டினவன் மகிழ்வனோ, ஏமாறுவனோ? உப்பெடுத்தவனை அள்ளவிட்டுக் காவலன் அப்பால் சென்றிருப்பின், உப்பெடுத்தவன் கருதியது கைகூடியதாம். அவன் வேண்டியது உப்பின் விடுதலை. துப்பாக்கியேந்தி உலாவுவானிடம் காவலன் வணக்கஞ்சொல்லிக் கடந்துபோயின், அவன் அன்று வெறுங்கையனாய் வீடு திரும்புகின்றான்; நாளை வேறோர் தெருவைத் தேடுகின்றான். அவன் வேண்டியது பிறன் பிழையே. தராசனாவிற் சென்றாருள்ளும் அடியையே வேண்டிச் சென்றார் உளராயின் அவர்க்கும் இவ்வுரைகல்லே. 1922-இற் சௌரிசௌராவில் 22 காவலரை மக்கள் தீயிட்டுக் கொன்றபோது, காந்தியடிகள் தம் இயக்கத்தையே நிறுத்தி நோன்பிருந்தார். தூண்டினவனுக்குப் பங்குண்டு என்பதை அவர் நன்கறிந்திருந்தார் போலும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது 1927-இல் நாகபுரியில் நிகழ்ந்த வாள் சத்தியாக்கிரகம். ஆயுதச் சட்டத்தை எதிர்த்து மஞ்சர்சா அவாரி என்பார் தலைமையில் தொண்டர் வாளேந்தி வெளிப்படையாக வீதியிற் சென்றனர். தமிழ்நாட்டிலும் அதன் அலை வீசியது. இளைஞராயிருந்த காமராசர் அதில் ஈடுபட்டார். ஆயுத உரிமை மக்கட்கு வேண்டும் என்பதிற் காந்தியடிகட்கு மறுப்பில்லை; 1930-இல் அவர் அரசின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் தற்காப்பிற்குத் துப்பாக்கி உரிமம் என்பதும் ஒன்று. இருந்தும் வாளேந்தி நிகழ்த்தியதை அவர் சத்தியாக்கிரகம் என ஒப்பவில்லை. வெட்டும் கருவியைக் கையிற்கொண்டு, 'யான் வெட்டேன்' எனல், காண்பானுக்கு எங்ஙனம் தெரியும்?

அக்காண்பானது நிலையை எண்ணாது இவ்வாராய்ச்சி நிரம்பாது. துப்பாக்கியேந்தி வருவோன் விளையாடுகின்றானோ கொலைக்கு வருகின்றானோ என அறிதற்குக் காவலனுக்குக் கிடைப்பது சில நொடியே. 2016 சூலை 7-இல் டெக்சாசு நாட்டு டல்லாசு நகரிலே ஒரு பேரணியில் துப்பாக்கியேந்தியோர் பலர் சட்டப்படி நடந்துசென்றனர். மறைந்துநின்ற கொலைஞன் ஒருவன் காவலர் ஐவரைச் சுட்டுக்கொன்றபோது, சுடுபவன் யார், வெறுமனே ஏந்தினவன் யார் எனத் தெரியாது காவலர் மயங்கினர். குற்றமற்ற ஒருவனது படத்தையே ஐயத்திற்குரியோன் என வெளியிட்டனர். 2014 நவம்பரில், துப்பாக்கியை வெளிப்பட ஏந்தல் சட்டம் ஒப்பிய ஓகையோவிலுள்ள கிளீவ்லாந்து நகரில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுக் கருநிறச் சிறுவனை, வந்து இறங்கிய கணத்திலேயே காவலன் சுட்டான். அச்சிறுவன் எவரையும் தூண்டினானல்லன். காவலர் நெஞ்சில் அச்சத்தை நாள்தோறும் விளைப்பார்க்கு அவ்வறுவடை தம் வீட்டிலன்றிப் பிறர் வீட்டிலும் விழும் என்பது தெரிவதில்லை.

துப்பாக்கியேந்திக் காவலரை எதிர்நின்றார் எல்லாரையும் ஒருதட்டில் இடுதலும் நேர்மையன்று. 1967 மே 2-இற் கருஞ்சிறுத்தைகள் என்னும் இயக்கத்தார் படைக்கலத்தோடு கலிபோர்னியாவின் சட்டமன்றக் கட்டிடத்துட் புகுந்தனர். அதற்கு முன்னர், தம் இனத்தாரைக் காவலர் அடித்துத் துன்புறுத்தலைத் தடுத்தற்கு, ஏந்திய துப்பாக்கியோடு காவலரைப் பின்தொடர்ந்து கண்காணித்தனர். அவர்க்கு ஒரு குறை இருந்தது, அது பொய்க்குறையன்று. ஆயினும் விளைந்தது யாது? அவ்வாண்டே அந்நாட்டில் நிறைத்த துப்பாக்கியைப் பொதுவிடத்து ஏந்துதலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்தலே குற்றம். ஆகவே இவ்விளையாட்டு நமக்கில்லையென நெஞ்சாறலாமோ எனின், ஆகாது.

தூண்டுதற்குத் துப்பாக்கிதான் வேண்டுமென்பதில்லை. கொடி போதும், முழக்கம் போதும், பிறர் தெருவழியே வேண்டுமென்றே சுற்றிச்செல்லும் ஊர்வலம் போதும். 2013 ஏப்பிரல் 25-இல் மரக்காணத்தருகே கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்து மாநாட்டிற்குச் சென்றார்க்கும் ஊரார்க்கும் இடையே கலகம் மூண்டு குடிசைகள் எரிந்தன. யார் தொடங்கினார் என இருபாலாரும் இருவகையாகக் கூறினர். முதற்கல் எறிந்தானைத் தேடுதல் நீதிமன்றத்தின் வேலை. கல்லெடுக்குமாறு மற்றவனை எதிர்பார்த்து நின்றான் யார் என்பதை நீதிமன்றம் அறியாது. அவனவன் நெஞ்சே அறியும்.

மரக்காணத்திற்குத் தெற்கே இக்கடற்கரையிலேயே திருப்பாதிரிப்புலியூர் உளது. கல்லொடு கட்டிக் கடலில் இடப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய இடம் அது. அரசாணைக்கு அவரினும் அஞ்சாதார் யார்? பல்லவன் ஏவிய அமைச்சர் திருவதிகைக்கு வந்து அழைத்தபோது, தாம் எவருக்கும் அடங்கிய குடியல்லோம் என அவர் வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். அம்மறுப்பில் அவர்களை வெகுள்விக்கும் நோக்கம் இல்லை. அமைச்சர் அவரை வணங்கி, உடன்வருமாறு இரந்து வேண்டினர். வாராதொழியின் அவர் வெறுங்கையராய் அரசன்முன் நிற்கவேண்டிவரும். இனி வருவனவற்றிற்கு இறைவன் உளன் என்று திருவுளங்கொண்டு, நாவுக்கரசர் எழுந்து அவருடன் நடந்தார். சென்றவிடத்து நீற்றறை காத்திருந்தது.