கண்ணுக்குள் இருக்கும் பொம்மை

கண்ணின் நடுவிலுள்ள கருந்துளைக்கு ஆங்கிலத்தில் ‘பியூபில்’ என்று பெயர். பள்ளி மாணவனுக்கும் அதே சொல்தான். இரண்டுக்கும் மூலம், சிறுமியையும் பொம்மையையும் குறித்த ‘பூப்பா’ என்ற லத்தீன் சொல்லும் அதன் உறவுச் சொற்களும். பெற்றோரை இழந்து காப்பாளர் பொறுப்பில் வளரும் சிறாரைக் குறித்த சொல், நாளடைவில் மாணவனுக்கு ஆயிற்று. கண்ணுக்கு வந்ததோ பொம்மை. எதிரில் இருப்பவரின் கண்ணை உற்றுப் பார்த்தால், பார்ப்பவரின் உருவமே அதில் குட்டிப் பொம்மையாகத் தெரியும். கிரேக்கர் இதைச் சிறுமி என்னும் பொருளில் ‘கோரே’ என்றனர். சமஸ்கிருதத்தின் ‘கனீனிகா’வும் சிறுமியே. தமிழில் பாவை என்பது பொம்மை, கண்மணியும் கூட. குறளின் காதலன், காதலிக்கு இடம் வேண்டி விலகச் சொல்வது இந்தப் பாவையைத்தான்.

இத்தனை மொழிகள் ஒரே படத்தைக் கண்டதால், சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு உண்டு எனலாமா? பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடல் முழுவதும் இந்த வழக்குதான். இந்தியாவில் மீமாம்சை மரபின் தத்துவவாதிகளான மீமாம்சகர் அந்த உறவு என்றுமுள்ளது என்றனர். வேதத்தை யாரும் இயற்றவில்லை என்ற அவர்களுடைய கொள்கைக்கு அது தேவைப்பட்டது. நியாய மரபினரான நையாயிகர் அதை ஏற்கவில்லை. இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்ற ஏற்பாடே உறவு என்றும், அந்த ஏற்பாடு இறைவன் செய்தது என்றும் வாதிட்டனர். நன்னூல் சண்டையில் இறங்காமல் இடுகுறி, காரணம் என இருவகைப் பெயரையும் ஏற்கிறது. சொற்பொருளின் காரணம் சட்டென்று புலப்படாது என்கிறது தொல்காப்பிய உரியியல். அதைச் சொல்ல அது எடுத்துக்கொண்ட வினை ‘விழித்தல்’ என்பது ஒரு சுவை.

தொல்காப்பியர் சொன்னது ஆங்கிலத்துக்கும் பொருந்தும். ஜன்னலுக்கான ‘விண்டோ’, பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றுக்கண்’. தமிழின் ‘காலதர்’ காற்றுவழி, ‘பலகணி’ பல கண்களை உடையது. இன்று காற்றே நுழையாதபடி கண்ணாடி பதித்து மூடியதும் விண்டோதான். ‘ரெட்டினா’ வலையென்னும் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்க மருத்துவரின் மீன்வலை உவமை அரபு வழியாக லத்தீனுக்குப் போயிற்று. தமிழில் அதே உறுப்பு விழித்திரை. வலை வேறு, திரை வேறு. ஆனாலும் இரு மொழி மருத்துவர்களும் ஒரே இடத்துக்குத்தான் சிகிச்சை செய்கிறார்கள். காரணம் சொல்லைப் பிறப்பிக்கிறது. அதன்பின் சொல்லை நடத்துவது வழக்கு. மீமாம்சகரைவிட நையாயிகர் பக்கமே இங்கு வலு அதிகம், ஏற்பாட்டைச் செய்தவர் யார் என்பது தனி விவாதம்.

சொல்லை நடத்துவது வழக்கே என்பதற்கு நல்ல சோதனை விவிலியத்தில் இருக்கிறது. உபாகமம் 32ஆம் அதிகாரத்தில் கடவுள் தம் மக்களைக் காத்த அருமைக்குக் கண்ணின் கருமையம் உவமை. எபிரேயச் சொல்லான ‘ஈஷோன்’, சின்ன மனிதன் என்று பொதுவாக விளக்கப்படுகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘ஆப்பிள்’ என்று எழுதியது. கண்மணியை உருண்டையான கெட்டிப் பொருளாக எண்ணிய பழங்காலத்து வழக்கு அது. தமிழ் விவிலியம் ‘கண்மணி’ என்றது. ஒன்றில் மனிதன், ஒன்றில் பழம், ஒன்றில் மணி. மூன்றையும் வாசிப்பவருக்குப் புரிவது, தூசு பட்டாலும் பொறுக்காத இடத்தைக் காப்பதுபோன்ற காவல்.