பெயர் அறியாக் குழந்தைக்கு ஒரு பெட்டி

தானத்தின் உயர்வு கொடுக்கப்படும் பொருளில் இருக்கிறதா, கொடுப்பவரின் மனத்தில் இருக்கிறதா? நம் சாஸ்திரங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்வி, மேலைநாடுகளில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்பு ஒரு சிறிய காலணிப் பெட்டியின் வடிவில் எழுகிறது.

1989-இல் ருமேனியாவில் சௌஷெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின், அந்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் பட்ட துயரம் வெளியுலகிற்குத் தெரியவந்தது. 1990-இல் வேல்ஸ் பகுதியின் ரெக்ஸம் நகரத்தார் சிலர், காலணிப் பெட்டிகளில் பரிசுகளை நிரப்பி அக்குழந்தைகளுக்கு எடுத்துச் சென்றனர். 1993 முதல் ‘சமாரிட்டன்ஸ் பர்ஸ்’ என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இப்பணியை நடத்திவருகிறது. இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் பல நாடுகளுக்குச் சென்றுள்ளன.

பெட்டியை நிரப்புபவர் அதைப் பெறப்போகும் குழந்தையை அறியார். ஆண் குழந்தைக்கா பெண் குழந்தைக்கா என்பதையும், 2 முதல் 4, 5 முதல் 9, 10 முதல் 14 என்ற வயதுப் பிரிவுகளில் எது என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறார். ஒரு பொம்மை, நோட்டுப் புத்தகம், பென்சில், சோப்பு என்று தேர்ந்தெடுத்து அடுக்குகிறார். முகமறியாத ஒரு குழந்தைக்காக இவ்வாறு சிந்திக்கும் நேரமே ஒரு சாதனைதான். ‘நான், எனது’ என்னும் வட்டம் அப்போது சற்றே விரிகிறது.

கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாக வகுக்கிறது. கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, இடமும் காலமும் தகுதியும் அறிந்து, கடமையெனக் கருதிக் கொடுப்பது சாத்விகம். பலனை நாடியோ மனவருத்தத்துடனோ கொடுப்பது ராஜசம். மதிப்பின்றிக் கொடுப்பது தாமசம். இவ்வளவுகோலால் பார்த்தால், கடல் கடந்து செல்லும் பெட்டி சாத்விக தானமாகவே தோன்றும். அக்குழந்தையால் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

ஆனால் எதிர்பார்ப்பு மிக நுட்பமானது. பெட்டிக்குள் தமது புகைப்படத்தையும் கடிதத்தையும் வைப்போர் உண்டு. அதில் அன்பும் இருக்கலாம். தம்மை அக்குழந்தை நினைக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கலாம். மேலும், அந்நிறுவனம் தன் சமயப் பரப்பு நோக்கத்தை மறைப்பதில்லை. பல இடங்களில் பெட்டிகளோடு சமய நூல்களும் தரப்படுகின்றன. இதனால் சர்ச்சைகளும் எழுந்துள்ளன. தாம் போற்றும் உண்மையைப் பிறருடன் பகிர விரும்புவது மனித இயல்பு. எனினும், மறுத்துச் சொல்லும் நிலையில் இல்லாத ஒரு குழந்தையிடம் பரிசோடு சேர்த்து வைக்கப்படும் எதிர்பார்ப்பு, அப்பரிசின் விலையாகிவிடக் கூடும். இந்த எச்சரிக்கை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. அன்னதானப் பந்தலில் தம் பெயர்ப் பலகையைத் தேடுபவருக்கும் இது பொருந்தும்.

அப்படியானால், பெறுபவரிடமிருந்து கொடுப்பவர் எதையுமே ஏற்கலாகாதா? இதற்கு விடை தருகிறது கடல் கடந்து சென்ற இன்னொரு பரிசு.

அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமாவில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பென்சிலும் காகிதமும் இல்லை என்பதை, ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கர் ஒருவரின் கடிதத்தால் வாஷிங்டன் நகரின் ‘ஆல் சோல்ஸ்’ தேவாலயத்தார் அறிந்தனர். அங்குள்ள குழந்தைகள் அரை டன் எடையுள்ள எழுதுபொருட்களைத் திரட்டி 1947-இல் அனுப்பினார்கள். அவற்றைப் பெற்ற பள்ளிகளுள் ஒன்றான ஹோன்கவா, குண்டு வெடித்த இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது. அப்பள்ளியின் குழந்தைகள் வந்த வண்ணங்களைக் கொண்டே ஓவியங்கள் தீட்டி வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். பூக்களும் விளையாடும் சிறுவர்களும் நிறைந்த ஒளிமிக்க ஓவியங்கள் அவை. தேவாலயத்தில் பல்லாண்டுகள் இருந்த அவை, 2010-இல் ஹிரோஷிமாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. தீட்டியவர்களுள் சிலர் முதுமையில் அவற்றை மீண்டும் கண்டனர்.

வாஷிங்டன் குழந்தைகள் அந்த ஓவியங்களைக் கேட்டுப் பெறவில்லை. வந்தபோது மறுக்கவும் இல்லை. பலனை நாடாதிருத்தல் வேறு; பெறுபவருக்கும் கொடுக்கும் உரிமை உண்டு என்பதை மறத்தல் வேறு. எதையும் ஏற்க மாட்டேன் என்று விலகி நிற்பதிலும் அகங்காரம் ஒளிந்திருக்கக் கூடும். அது பெறுபவரை என்றென்றும் ஏழையாகவே நிறுத்திவிடுகிறது. பெறுபவருக்குக் கொடுப்பவரே நன்றி செலுத்த வேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் வலியுறுத்தியதன் பொருளும் இதுவே.

ஆகவே, தொலைதூரக் குழந்தைக்காகப் பெட்டி நிரப்புபவர் மூடுவதற்கு முன் ஒருகணம் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது: இப்பொருள் அக்குழந்தைக்கு உண்மையில் பயன்படுமா? நாளை அக்குழந்தை தம்மை நினைக்காவிட்டாலும், தம் வழியை ஏற்காவிட்டாலும் இதே மகிழ்ச்சியுடன் கொடுக்க மனம் இசைகிறதா? இசையுமானால், அந்தச் சிறு பெட்டியே வழிபாடாகிறது. இசையாவிட்டாலும் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கொடுத்துக்கொண்டே மனத்தைத் தூய்மைப்படுத்துவதும் சாதனையே.