போதையும் சாட்சியும்

கஞ்சாவை முன்வைத்து இலக்கியம் பேசுகிறவர்கள் நம் சிறுவட்டத்தில் எப்போதும் இருந்து வந்திருக்கிறார்கள். ஊமத்தையை முன்வைத்துப் பேசியவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. இத்தனைக்கும் கறம்பக்குடியில் கஞ்சா வேண்டுமென்றால் ஆள் தெரிந்திருக்க வேண்டும், பணம் வேண்டும், போலீஸ் பயமும் வேண்டும். ஊமத்தைக்கு இதொன்றும் வேண்டாம். குளக்கரையிலும் குப்பைமேட்டிலும் வெள்ளையும் கருநீலமுமாக, யாரும் நடாமல், யாரும் வெட்டாமல் பூத்து நிற்கிறது. ஆடுகூட அதில் வாய் வைக்கத் தயங்கும். மலிவும் தாராளமும் இருந்தும் ஒரு மயக்கச் செடிக்கு ரசிகர்களே இல்லையென்பது யோசிக்க வேண்டிய விஷயம். அது விஷம் என்பது போதுமான விடையல்ல. விஷ பயம் மட்டும் ஆளைத் தடுத்து நிறுத்துமானால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பலியாகியிருக்க மாட்டார்கள்.

சித்த மருத்துவம் இரண்டையும் சுத்தி செய்து மருந்தாக்குகிறது. இந்திய மருத்துவ முறைகளுக்கான விஷப்பொருள் பட்டியலிலும் இரண்டுக்கும் இடமுண்டு. ஊமத்தையிலைச் சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலம் ஆறாத புண்ணுக்குப் போடுவது. காய்ந்த இலையின் புகையை மூச்சிரைப்புக்குப் பிடித்தார்கள். அந்த வைத்தியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட்டானது. ஆகவே ஒன்று மூலிகை, மற்றது நஞ்சு என்று பிரிப்பது எளிதல்ல.

உடலில் இவை செய்கிற காரியம்தான் வேறு. கஞ்சாவின் சாரமான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் பிரித்தறிந்தார்கள். 1992இல், மூளை தானே உண்டாக்கிக்கொள்ளும் இதற்கு நிகரான பொருளொன்று அகப்பட்டபோது, ஆனந்தம் என்ற நம் சொல்லை எடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஏற்கனவே வெட்டியிருக்கிற வாய்க்காலில்தான் கஞ்சா கூடுதலாகத் தண்ணீர் விடுகிறது. காலம் நீள்கிறது, பசி எடுக்கிறது, சிரிப்பு வருகிறது, சிலருக்குக் காரணமற்ற பயமும் வருகிறது. வளர்ந்த ஒருவனை அதன் அளவு மட்டுமே கொன்றதாகச் சொல்வது அரிது. அபாயம் பழக்கத்திலிருக்கிறது. தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் விடமுடியாத நிலைக்குப் போகிறார். 1987இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, ராணுவச் சேர்க்கைக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்தது. மிகுதியாகப் புகைத்திருந்தவர்களிடையே மனச்சிதைவு ஆறு மடங்கு தெரிந்தது. எது காரணம், எது விளைவு என்ற வாதம் முடிந்தபாடில்லை. ஆனால் பதினாறு வயதில் தொடங்குகிறவனுக்கு இது விளையாட்டல்ல என்பதில் வாதமில்லை.

ஊமத்தை எந்த வாய்க்காலிலும் தண்ணீர் விடுவதில்லை; அடைக்கிறது. அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் மூன்றும் அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்தியை மறித்துவிடுகின்றன. வாய் உலர்கிறது, கண்மணி விரிந்து வெளிச்சம் கூசுகிறது, மூத்திரம் கட்டுகிறது, உடம்பு கொதிக்கிறது, இதயம் தறிகெட்டு ஓடுகிறது. பிறகு பிதற்றல். இல்லாத பீடியைப் பற்றவைத்து இழுப்பது, காற்றில் நூல் பொறுக்குவது, செத்துப்போன சித்தப்பாவோடு வரப்புத் தகராறு பேசுவது. ஒரு நாளில் தெளியலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். தெளிந்தவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் நினைவிருக்காது. ஒரு செடியின் விதையிலுள்ள வீரியம் பக்கத்துச் செடியில் இருப்பதில்லை. அதனால் அனுபவஸ்தன் என்று ஒருவன் இதில் உருவாகவே முடியாது. 2020 ஏப்ரலில், முள்ளுருண்டையான ஊமத்தங்காய் பார்வைக்குக் கொரோனா கிருமி போலிருக்கிறது, ஆகவே அதற்கு மருந்து என்று கைபேசியில் பரவிய காணொளியை நம்பிச் சித்தூர் மாவட்டத்தில் பத்துப்பேர் அளவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படிமத்தை நிஜமென்று எடுத்துக்கொள்வதன் ஆபத்தைக் கவிஞர்களுக்கு இதைவிட எப்படிச் சொல்வது!

இரண்டையும் கையாண்ட ஒரு மருத்துவர் உண்டு. பாரிஸின் மொரோ டி தூர் 1841இல் மாயத்தோற்றங்களுக்கு ஊமத்தையினச் செடியைக் கொடுத்துப் பார்த்தார். 1845இல் ஹஷீஷையும் பைத்தியத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். ஹஷீஷை அவர் தானே உட்கொண்டார். காரணம், அதில் புத்தி பேதலிக்கும்போதே பேதலிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவன் உள்ளே மிஞ்சுகிறான் என்பதுதான். என் வாதத்துக்கு வேண்டியதும் இதுதான். கஞ்சா மயக்கத்தில் சாட்சி இருக்கிறது. ஊமத்தை முதலில் தீர்த்துக்கட்டுவதே சாட்சியை. கைநாட்டு வைக்கிறவருக்குச் சாட்சிக் கையெழுத்தில்லாமல் பத்திரம் வாங்காத உத்தியோகம் என்னுடையது. ஊமத்தை, சாட்சிப் பத்தி காலியாக விடப்பட்ட பத்திரம். அதை அனுபவம் என்று சொல்வதே தகுமா? அனுபவிக்க ஆளில்லாதபோது அங்கே நிகழ்வது என்ன?

கேள்வி ஏட்டளவிலானதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் க்ரோனிக், காஸ் என்ற இரு மருத்துவர்கள் பிரசவத்துக்கு மார்ஃபினோடு ஸ்கோபோலமின் கொடுத்தார்கள். அந்திமயக்க உறக்கம் என்று அதற்குப் பெயர். 1914க்குப் பிறகு அமெரிக்காவில் அதைக் கேட்டு வாங்கப் பெண்களே இயக்கம் நடத்தினார்கள். வலியில்லாத பிரசவம் என்று பேர். உண்மையில் அவர்கள் வலியில் கத்தினார்கள், புரண்டார்கள். பல இடங்களில் கட்டிலோடு கட்டிவைக்க நேர்ந்தது. விழித்தபோது நினைவில்லை, அவ்வளவுதான். நினைவில்லாத வலி வலியா? இல்லை என்று சொன்னால், உறங்கும் ஒருவனுக்குச் செய்கிற எந்தக் கொடுமையும் அவன் மறந்துவிடுவானென்ற உத்திரவாதத்தின் பேரில் நியாயமாகிவிடும். வலிதான் என்றால் அது யாருடைய வலி? கத்தியவள் அதைச் சேமிக்கவில்லை, நன்றி சொன்னவள் அதை அறியவில்லை. எனக்கென்னவோ, கத்தியவளின் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது. நன்றியைவிடக் கூச்சல் பழைய ஆதாரம்.

சட்டம் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதேயில்லை. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூத்த, காய்த்த நுனியைக் கஞ்சா என்கிறது. தனியே கிடைக்கும் இலை அதில் சேராது. அதனால்தான் வடக்கே அரசாங்க லைசென்ஸில் பாங்கு விற்கிறது. நுனியென்றால் வைத்திருந்தாலே குற்றம். 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஊமத்தைக்கு அப்படிக் கிலோக் கணக்கில்லை. இன்னொருவருக்குத் தீங்கு நினைத்துக் கொடுத்தால்தான் குற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்போக்கரின் சோற்றில் இதைக் கலந்து கொள்ளையடித்தவர்கள் அநேகம். ஊமத்தை விதை மிளகாய் விதைபோலிருக்கும் என்பதும், அறுத்துப் பார்த்துப் பிரித்தறிவது எப்படியென்பதும் நம் சட்டமருத்துவ மாணவர்களுக்கு இன்றும் பாடம். ஆக, ஒரு செடி குற்றமாவதற்கு வேறொருவன் பாதிக்கப்பட வேண்டும். மற்றது குற்றமாவதற்கு ஒருவன் சந்தோஷப்பட்டால் போதும். 1893-94இல் பிரிட்டிஷ் அரசு நியமித்த கஞ்சா விசாரணைக் கமிஷன் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, மிதமான உபயோகத்தில் பெரிய தீங்கில்லை என்று முடிவு கூறியது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் 'காரணம்: கஞ்சா' என்பது பெரும்பாலும் விசாரிக்காமல் எழுதிய வரி என்பதையும் கண்டுபிடித்தது. கஞ்சாவோடு ஊமத்தை விதை சேர்த்துப் புகைக்கும் வழக்கத்தையும் பதிந்திருக்கிறது. ஒன்றின் பைத்தியம் மற்றதன் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம்.

இவ்வளவையும் கஞ்சாவுக்கு நற்சாட்சிப் பத்திரமாக நண்பர்கள் எடுத்துக்கொண்டால் அவசரப்படுகிறார்கள். சாட்சி இருக்கிறது என்றேன். நாணயமான சாட்சி என்று சொல்லவில்லை. கஞ்சாவில் மிஞ்சும் சாட்சி வாயில் வெல்லம் திணிக்கப்பட்ட சாட்சி. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. சாதாரண வாக்கியம் உபநிஷதமாகத் தெரிகிறது. காலையில் காகிதத்தைப் பார்த்தால் சாதாரண வாக்கியமே இருக்கிறது. பாதலேர் 1860இல் இதைத் தெளிவாகவே கண்டான்: ஹஷீஷ் மனிதனிடம் இருப்பதைத்தான் பெருக்கிக் காட்டுகிறது, இல்லாததைத் தருவதில்லை, கையில் கொடுக்கிற சித்தத்தின் உறுதியை மறுகையால் பறித்துக்கொள்கிறது. பாரதிக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்ததை உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் பாரதி எழுதினான் என்று நினைப்பவன் பாரதியைப் படித்தவனல்ல. ஜி. நாகராஜன் 1981இல் மதுரையில் இறந்தபோது, அவருடைய குடியும் கஞ்சாவும் 'நாளை மற்றுமொரு நாளே'யைவிடப் பிரபலமாகிவிட்டன. 1974இல் வந்த அந்த நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிவதோ தெளிந்த கண், ஈவிரக்கமற்ற நிதானம். எழுதியது அந்தக் கண்தான். நம்மவர்கள் பின்பற்றத் தேர்ந்தெடுத்தது புகையை.

தேவாரச் சிவன் மத்தமலரைச் சூடியவன். உன்மத்தம் என்ற சொல்லே ஊமத்தையாகியிருக்கிறது. பித்தன் என்று கடவுளை ஏசிப் பாடத் தொடங்கிய சுந்தரரும் அந்த மலரைத் தின்னச் சொல்லவில்லை. தலையில் வைக்கும் தூரத்தில் அது இருந்தது.

ஊமத்தைக்கு உள்ளே சாட்சியில்லை என்பதால் வெளியே ஒருவர் தேவைப்படுகிறார். பாய்க்குப் பக்கத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிற தாயோ மனைவியோ. கஞ்சாக்காரன் வீட்டிலும் அப்படியொருத்தி இருக்கிறாள். சாட்சி உள்ளேயே இருப்பதாக நாம் நம்பிக்கொள்வதால் அவளை விசாரிப்பதில்லை. ஜப்பானில் ஹனாவோகா செய்ஷூ 1804இல் ஊமத்தை சேர்ந்த கஷாயத்தால் மயக்கமூட்டி மார்பகப் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தார். ஈதர் வருவதற்கு நாற்பது வருஷம் முந்தி. அந்தக் கஷாயத்தின் அளவு பிடிபடும்வரை அதைக் குடித்துப் பார்த்தவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி, அதில் கண்ணிழந்தவள். சவாகோ அரியோஷி 1966இல் இதை நாவலாக எழுதியபோது வைத்த பெயர் 'ஹனாவோகா செய்ஷூவின் மனைவி'.