கிழிசலின் விலை

வடபழனியில் ஒரு மாடியறையில் துணிக்கடை நடத்துகிறேன். எனக்கு வயது 26. கறுப்புச் சட்டைகள், கிழித்த ஜீன்ஸ், ஊக்கு குத்திய டெனிம் கோட்டுகள். "கல்யாணத்துக்குப் போட முடியாத துணியா விக்கிறியேம்மா" என்பார் வீட்டு ஓனர். சிரித்துக்கொள்வேன்.

தையல்கார அண்ணன் கேட்டதற்குத்தான் சிரிக்க முடியவில்லை. "முழுசா தச்ச துணியை ஏம்மா கிழிக்கச் சொல்ற? கிழிசலைப் பையால மறைச்சுக்கிட்டு பள்ளிக்கூடம் போனவன் நான்."

விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் 1970களில் லண்டன் கிங்ஸ் ரோட்டில் நடத்திய சின்னக் கடையிலிருந்துதான் கிழிசலும் ஊக்கும் பங்க் உடையாகப் பரவின. ஊரை முகம் சுளிக்க வைத்த அதே வெஸ்ட்வுட்டுக்கு 2006இல் 'டேம்' பட்டம் கிடைத்தது. எதிர்ப்பு விலைபோய்விட்டது என்று சொல்வது சுலபம். என் சங்கடம் வேறு. கிழிசலை விரும்பி வாங்குபவருக்கும், வேறு வழியில்லாமல் உடுத்தியவருக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் என் லாபம்.

அப்படியானால் நான் விற்பது பொய்யா? சேர்த்துவைத்த காசில் ஒரு கல்லூரிப் பெண் கறுப்புச் சட்டை வாங்கினாள். மறுநாளே திரும்பி வந்தாள். "வீட்ல பாத்தா கிழிச்சுடுவாங்க அக்கா, இங்கயே இருக்கட்டும்." சனிக்கிழமைகளில் வந்து மாற்றிக்கொண்டு வெளியே போகிறாள். அந்தச் சட்டைக்கு அவள் கொடுக்கும் விலை என் பில்லில் இல்லை. அவளைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனின் கேள்வியும் போகவில்லை.

இப்போதெல்லாம் அவர் தைக்க மட்டும் செய்கிறார். கிழிப்பதை நானே செய்கிறேன், அவர் போன பிறகு. அது பதில் இல்லை என்று தெரியும்.