போனில் வரும் சொல் ஆப்தவாக்கியமா?

சைவ சித்தாந்தம் படிக்கப் போனவனை ஆசிரியர் முதலில் உட்கார வைப்பது அளவையில், அதாவது அறியும் வழிகளில்தான். கண்டு அறிகிறோம், கருதி அறிகிறோம், நம்பத்தக்கவர் உரைக்கக் கேட்டு அறிகிறோம். அருள்நந்தி சிவம் சிவஞான சித்தியாரில் இந்த மூன்றையும்தான் முதன்மையாகக் கொள்கிறார். பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் நல்லமிளகுக் கொடி வளர்க்கும் எனக்கு மூன்றாவது அளவை இப்போது போனில் வருகிறது. அதை எந்த மட்டும் நம்பலாம்?

வானிலைத் துறையின் வேளாண் அறிவுரை செவ்வாயும் வெள்ளியும் மாவட்டவாரியாக வெளியாகிறது; போனுக்குக் குறுஞ்செய்தியாக வருவதும் அதுதான். கோவளம் கடற்கரையும் திருவனந்தபுரம் மாவட்டம், சுமார் 1,100 மீட்டர் உயரத்துப் பொன்முடியும் அதே மாவட்டம். வாடல் நோய் வராதிருக்கப் பருவமழைக்கு முன்னே கொடிக்குப் போர்டோ கலவை அடிக்க வேண்டும்: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. அடித்தது இலையில் காய வெயில் வேண்டும்; அதற்குத்தான் செய்தியைப் பார்ப்பது. இங்கே மே மாதத்து மத்தியானத்தில் மலையிறங்கி வரும் மழையைக் கடலோரத்தார் அறியமாட்டார்கள். செய்தியில் பொய்யில்லை, என் தோட்டத்தை அது பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆப்தனின் உபதேசமே சப்தப் பிரமாணம், அதாவது உரை அளவை, என்கிறது நியாய சூத்திரம். பொருளை நேரே அறிந்தவன், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன் ஆப்தன் என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இந்த இலக்கணம் பொது என்கிறார். எத்தனை பெரிய மனசு! குலமும் பட்டமும் அவர் கணக்கில் வரவேயில்லை.

அப்படிப் பார்த்தால் கல்லாற்றில் ஆப்தர்களுக்குப் பஞ்சமில்லை. காணி சமூகத்து விஷ வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்துதான் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. வருமானத்தில் ஒரு பங்கு காணிகளின் அறக்கட்டளைக்குப் போனது. அறிவு அன்று மலையிலிருந்து இறங்கியது. இன்றைய குறுஞ்செய்திக்கோ மலை வெறும் காது.

2004இல் தொடங்கிய கிசான் கால் சென்டரை நான் உயர்வாக மதிப்பது அதனால்தான். 1800-180-1551இல் நம் மொழியிலேயே பேசலாம். எடுப்பவர் இலைப்புள்ளியின் நிறத்தைக் கேட்டால், சொல்வதற்கு நான் இருக்கிறேன். என் கண் வழியாக அவரும் கொடியைப் பார்க்கிறார். அப்போது அவர் சொல்வது உரை அளவைக்கு நெருங்கி வருகிறது.

விவசாயிக்குச் செய்தி அனுப்பும் அலுவலர்களே, பதில் சொல்ல ஓர் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். கல்லாற்றிலிருந்து ஒருவர் ‘இங்கே மழை’ என்றால், அதை அடுத்த செய்தியில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.