கோழியின் மேல் ஏறும் பழி

கோணல் முட்டை இடும் கோழி வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அம்மன் திருவிழா முடிந்த வாரம் எங்கள் கிராமப்பிரியா பெட்டை அப்படித்தான் இட்டது. வழக்கமான தவிட்டு நிறம் போய், ஒரு முட்டை மேலே வெள்ளைத் தூள் படிந்து வெளுத்திருந்தது. இன்னொன்றின் நடுவில், அரைஞாண் கட்டியதுபோல் சுற்றிலும் ஒரு மேடு. பக்கத்து வீட்டு மதினி அதைக் கையில் வாங்கக்கூட மறுத்துவிட்டார். "இது நல்லதுக்கில்ல டீச்சர். முட்டைய முச்சந்தியில போட்டு ஒடச்சிட்டு, கோழியத் தள்ளி விட்ருங்க" என்றார்.

நான் பள்ளியில் தமிழ் நடத்தியவள். மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையை மாணவர்கள் யாரும் விரும்பிப் படித்ததில்லை. எனக்கு அது பிடிக்கும். அனுமானம் மூவகை என்று வைதிகவாதி அங்கே விளக்குகிறான். அவற்றில் இரண்டு எனக்கு அன்று நினைவுக்கு வந்தன. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு, மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது எச்சம். சூல்கொண்ட முகிலைக் கண்டு, மழை வரப்போகிறது என்று அறிவது முதல். முன்னது நடந்து முடிந்ததைத் தேடிப் போகிறது. பின்னது நடக்கவிருப்பதைச் சொல்கிறது. கோணல் முட்டை வெள்ளத்தின் இனம். சகுனம் பார்ப்பவர்கள் அதை முகிலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வெள்ளத்தின் தடம் பிடித்து மேலே போனால் மழை பெய்த இடம் தெரியும். ஒரு முட்டை உருவாகக் கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டும் வேலைதான். ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். தவிட்டு நிறம் பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் ஏறுகிறது. முட்டை வெளிவரும் நேரத்தில் கோழி மிரண்டால் அதை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். அதற்குள் நிறத்தின் மேல் இன்னொரு படலம் சுண்ணாம்பு படிந்துவிடும். ஓடு இன்னும் இறுகாத நேரத்தில் மிரண்டால், முட்டை உள்ளேயே விரிசல் விடும். விரிசலின் மேல் மறுபடி சுண்ணாம்பு படிந்து ஒட்டும். நடுவில் மேடு வருவது அப்படித்தான். எங்கள் பஞ்சாரம் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டார்கள். மதினி கண்ட கெட்ட சகுனம் அம்மனுக்குப் போட்ட வேட்டிலிருந்து வந்தது.

இதைச் சொன்னதும் மதினி விட்டுவிடவில்லை. "போன தடவ சுருக்கம் விழுந்த முட்டை வந்துச்சு. அடுத்த வாரமே கோழியெல்லாம் சீக்காச்சே, அது?" அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கோழிகளுக்கு வரும் தொற்று மூச்சுக்குழல் நோயில் வெள்ளைக்கரு நீர்த்துப்போய், அதைச் சுற்றிய சவ்வு புடைத்து நிற்காமல் தொய்ந்துவிடும். தொய்ந்த சவ்வின் மேல் கட்டும் ஓட்டிலும் சுருக்கம் விழும். ஆக, முட்டையைக் கண்டு வரப்போவதையும் சொல்லலாம்தான். ஆனால் முட்டையிலிருந்து முதலில் நோய்க்குப் போய், நோயிலிருந்துதான் அடுத்த வாரத்துக்கு வர வேண்டும். நடுவில் உள்ள அந்தப் படியில்தான் கோழியைத் தனியே பிரித்து வைப்பதும் மருத்துவரிடம் காட்டுவதும் இருக்கின்றன. சகுனம் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறது.

தாண்டும்போது விலை கொடுப்பது பறவை. 1474இல், இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில், முட்டையிட்டது என்று ஒரு சேவலை விசாரித்து, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். சேவல் முட்டையிலிருந்து பார்வையாலேயே கொல்லும் பாம்பு பிறக்கும் என்று அக்காலத்து ஐரோப்பாவில் பயம் இருந்தது. சூலகம் கெட்ட பெட்டைக்குச் சேவலின் கொண்டையும் இறகும் வளர்வது உண்டு; எரிந்தது அப்படிப்பட்ட பெட்டையாகவும் இருந்திருக்கலாம். 1806இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு கோழி, கிறிஸ்து வருகிறார் என்று எழுதிய முட்டைகளை இட்டது. மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள், சிலர் அழுது ஜெபித்தார்கள். மேரி பேட்மேன் என்பவள் முட்டையில் எழுதி, அதைக் கோழிக்குள் திரும்பத் திணித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஓரிடத்தில் பயம், ஓரிடத்தில் பக்தி. இரண்டு இடத்திலும் வதைபட்டது வாயில்லாத ஜீவன்.

இது பகுத்தறிவுப் பிரசாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள், வினைப்பயனை நம்புகிறவள். அந்த நம்பிக்கையில் நின்றுதான் கேட்கிறேன். அவரவர் வினை அவரவரைச் சேரும் என்றால், எங்கள் வீட்டுக்கு வரவேண்டியதை ஒரு கோழி எப்படிக் கொண்டுவரும்? கோழி கொண்டுவரவில்லை, முன்கூட்டிச் சொல்லத்தான் செய்கிறது என்றால், அதைத் துரத்துவதால் வருவது நின்றுவிடுமா? கொண்டுவருகிறது என்றால் வினைக் கொள்கை பொய்யாகிறது. சொல்ல மட்டும் செய்கிறது என்றால் தண்டனைக்கு நியாயமில்லை. மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

மதினி கடைசியாகக் கேட்டது வேறு. "காரணமெல்லாம் சரி டீச்சர். ஏன் நம்ம வீட்டுல?" இதற்குச் சுண்ணாம்புக் கணக்கில் பதில் இல்லை. எப்படி நடந்தது என்று எவ்வளவு விளக்கினாலும், ஏன் எனக்கு என்பது மிச்சம் நிற்கும். நம் சமயங்கள் எல்லாம் அந்த மிச்சத்தோடுதான் மல்லுக்கட்டுகின்றன. அந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதுதான் என் கவலை. சந்நிதியில் வைத்தால், கேட்கிறவள் தன் நடத்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். பஞ்சாரத்தின் முன்னால் வைத்தால் பார்க்கத் தேவையில்லை. பழியை ஏற்றிவிட்டுப் போய்விடலாம்.

மதினி வாழ்க்கைப்பட்டு வந்த மாதத்தில் அவர் மாமனார் காலமானார். இவள் கால் வைத்த நேரம் என்று அந்த வீட்டில் பல வருடம் பேசியதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். மாமனாருக்கு முன்பே நெஞ்சுவலி இருந்தது. அந்த மழையைத் தேடி யாரும் மேலே போகவில்லை. வாசலில் நின்ற புதுப்பெண் எல்லார் கண்ணிலும் பட்டாள், அவ்வளவுதான். கோழிக்குச் சொன்ன தீர்ப்பும் அவருக்குச் சொன்ன தீர்ப்பும் ஒரே தர்க்கத்தில் பிறந்தவை. அதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கோழியை மட்டும் கொடுக்க முடியாது என்றேன்.