பத்து வெள்ளி

பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இன்னும் பழைய பெயர்தான். அங்கே அப்பா வாங்கிப்போட்ட மலிவு விலை வீடு ஒன்று இருக்கிறது. பதினொரு வருடமாக ஒரே குடும்பம், வாடகை 350 வெள்ளி. ஒரே தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்தவர் என்பதால் எனக்கு அவர் அத்தை.

போன வருடம் வீட்டைச் சரிசெய்தேன். கூரை 3,000, வயரிங் 2,640, டைல்ஸ் 3,000, உட்காரும் கழிவறை 960. மொத்தம் 9,600 வெள்ளி. இன்ஜினியர் புத்தி உடனே வகுத்துவிட்டது: எட்டு வருடத்துக்கு 96 மாதம், மாதத்துக்கு 100. வாடகை 450 என்றால் கணக்கு நேர். யுனிசெல் மாணவர்களுக்கு விட்டால் இன்னும் கூடவே கிடைக்கும் என்றார் வீட்டுத் தரகர்.

அத்தையிடம் சொன்னேன். "நல்லாத்தான் செஞ்சிருக்க தம்பி. ஏத்துறதா இருந்தா மொதல்லயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

அந்த ஒரு வார்த்தைதான் என் கணக்கில் இல்லாதது.

திரும்பக் கணக்குப் போட்டேன். ஒழுகாத கூரையும் தீப்பிடிக்காத வயரிங்கும் மேம்பாடு இல்லை. பழைய 350 வெள்ளிக்கே நான் தந்திருக்க வேண்டியவை. டைல்ஸை அவர் கேட்கவில்லை. நாளைக்கு வீட்டை விற்கலாமே என்று நான்தான் போட்டேன். முட்டிவலிக்காக அவரே கேட்டது கழிவறை மட்டும். 960-ஐ 96-ஆல் வகுத்தால் மாதம் பத்து வெள்ளி.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வாடக ஏறலன்னா அடுத்த தடவ எவன்டா ரிப்பேர் பண்ணுவான்?" நியாயமான கேள்விதான். 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை இந்த நாட்டில் 1966-ஆம் வருடச் சட்டம் கட்டிவைத்திருந்தது. பினாங்கில் எத்தனையோ கடைவீடுகள் பழுது பார்க்க ஆளில்லாமல் சிதைந்தன. 1997-இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1999 முடிவோடு அவகாசமும் தீர்ந்தது. அதன்பின் வாடகை தாறுமாறாக ஏறி, பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். விலையைக் கட்டினால் வீடு சாகிறது, அவிழ்த்தால் குடி பெயர்கிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. குடியிருப்பவரே செலவழித்து நிலத்தை மேம்படுத்தினாலும், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதற்கும் சேர்த்தே உரிமையாளர் வாடகை கேட்கிறார் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். படித்தபோது சிரித்தேன். பிறகுதான் தரகருக்கு நான் அனுப்பிய படங்கள் ஞாபகம் வந்தன. பின்பக்கம் அத்தை தன் காசில் இறக்கிய சமையல் தாழ்வாரம், சிமெண்டுத் தரை, முருங்கை மரம் எல்லாம் அதில் இருந்தன. என் வீட்டுச் சிறப்புகளாக.

லயத்தில் அப்பாவும் பலகை வாங்கி அடுப்படியை நீட்டியவர்தான். வேலை முடிந்ததும் பலகையை விட்டுவிட்டு வந்தோம். யாரும் அதற்குக் காசு தரவில்லை. அந்தத் தோட்டத்துத் துரையை இன்றுவரை திட்டுகிற வீடு எங்கள் வீடு.

வாடகை 350-லேயே இருக்கிறது. இதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. தாழ்வாரத்தோடு கழித்தால் அந்தப் பத்து வெள்ளியும் மிஞ்சாது. நாளைக்கு அத்தை தானாகக் காலி செய்தால், அடுத்து வருபவரிடம் 450 கேட்பேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. அவர் டைல்ஸைப் பார்த்து, விலையைக் கேட்டு, வேண்டாம் என்றால் போய்விடலாம். பதினொரு வருடம் வாழ்ந்த வீட்டில் நிற்பவருக்கு அந்த 'வேண்டாம்' எங்கே இருக்கிறது?